கலெக்டரும் கூலியும்

வகுப்பில் உட்கார்ந்தால் பிச்சையம்மாளுக்குக் கண் சொருகும். பாடம் கசந்ததால் அல்ல. விடியுமுன்னே எழுந்து, விடுதிச் சமையற்கட்டில் விறகடுப்பு மூட்டி, முட்டைக்கோஸ் நறுக்கி, அண்டா கழுவி, கொடைக்கானல் குளிரில் விரலெல்லாம் விறைத்துப்போய் வந்து பெஞ்சில் உட்காருகிற உடம்பு வேறென்ன செய்யும்? மற்றப் பெண்கள் எல்லாம் பதினாறு, பதினேழு வயதுக்காரிகள். யாராவது எழுப்பிவிட்டால்தான் எழுந்திருப்பார்கள். பிச்சையம்மாளுக்கு இருபத்தாறு வயது. எழுப்பிவிடுகிறவளே அவள்தான்.

வருஷம் 1962. கொடைக்கானலில் அப்போது ஒரு சின்னப் பெண்கள் கல்லூரி இருந்தது. புகுமுக வகுப்பு மட்டும். பிறகு மூடிவிட்டார்கள், பெயர் இப்போது யாருக்கும் வேண்டியதில்லை. சமையற்கட்டில் வேலை செய்தால் விடுதியில் இடமும் சாப்பாடும் கிடைக்கும் என்றார்கள், சேர்ந்துவிட்டாள். புகுமுக வகுப்பு தேறினால் வட்டார வளர்ச்சி ஆபீசில் கிராமசேவிகா வேலைக்கு மனுப் போடலாம். தேறாவிட்டால் பள்ளங்கிக்குத் திரும்பிப்போய் மாமியார் வீட்டுப் பூண்டுக் காட்டில் களை பறிக்கலாம்.

அந்த வீட்டில் அவளுக்கு இனிமேல் களைக்கொத்து ஒன்றுதான் பாத்தியம். புருஷன் நல்லசாமி மலைக்காய்ச்சலில் போய்விட்டான். அவனுக்குப் பின்னாலேயே மகன் குமாரவேலும் போய்விட்டான், மூன்று வயதில். "இவ காலெடுத்து வச்ச ராசி, ரெண்டையும் முழுங்கிட்டா" என்று மாமியார் காளியாயி சொன்னாள். ஊரும் அதையே சொன்னது. வேறு காரணம் யாரும் சொல்லாததால் பிச்சையம்மாளும் பாதி நம்பிவிட்டாள். அவளுடைய அப்பன் இருந்த காலத்தில் பழனியில் அத்தை வீட்டில் விட்டு எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்திருந்தார். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் மலையேறி வந்தாள்.

'உணவும் சுகாதாரமும்' என்று ஒரு பாடம். அதற்கு சண்முகவள்ளி மிஸ். பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிற குடும்பம், கோயம்புத்தூரில் படித்தவள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கி நடுங்கிப் பாடம் நடத்துவாள். நல்ல மனசுக்காரி. ஆனால் பசியை அவள் பார்த்தது கிருத்திகை விரதத்தில் மட்டும்தான்.

முதல் வாரத்தில் ஒவ்வொருத்தியையும் எழுப்பி, வீட்டில் என்ன சாப்பிடுவாய் என்று கேட்டாள். பஸ் ஸ்டாண்டில் இட்லிக்கடை வைத்திருப்பவரின் மகள் அன்னக்கொடி எழுந்தாள்.

"காலைல இட்லி மிஸ். மத்தியானம் விக்காத இட்லி. ராத்திரிக்கு அதையே உதுத்து உப்புமா."

வகுப்பு சிரித்தது. அடுத்து பிச்சையம்மாள்.

"கஞ்சிங்க மிஸ். ரேஷன் அரிசிக் கஞ்சி."

"தொட்டுக்க?"

"உப்பு."

"உப்பு தொட்டுக்கிறதா? வேற ஒண்ணும் இல்லையா?"

"மழைக்காலத்துல அதுவும் நமுத்துப் போயிரும் மிஸ்."

அதற்கும் வகுப்பு சிரித்தது. பிச்சையம்மாளும் கொஞ்சம் சிரித்தாள். மிஸ் மட்டும் சிரிக்காமல் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டாள்.

இரண்டாம் மாதம் கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் ஓட்டை போட்ட பெட்டி ஒன்று வந்தது. உள்ளே இரண்டு வெள்ளை எலிக்குஞ்சுகள். ஒரே ஈற்று. ஒன்றுக்கு அரிசி, பருப்பு, கீரை, பால். மற்றதுக்கு வெறும் தீட்டின அரிசிச் சோறும் தண்ணீரும். வாரம் ஒருநாள் தராசில் நிறுத்துச் சுவரில் ஒட்டிய தாளில் கோடு போட வேண்டும். பால் குடித்த எலியின் கோடு மேலே ஏறும், சோற்று எலியின் கோடு படுத்துவிடும். அதைக் கண்ணால் பார்த்தால் ஆயுசுக்கும் பாடம் மறக்காது என்றாள் மிஸ்.

அன்னக்கொடி அன்றைக்கே பெயர் வைத்துவிட்டாள். பால் குடிக்கிறவர் கலெக்டர். சோறு தின்கிறவன் கூலி.

தீனி வைக்கிற சோலி பிச்சையம்மாள் தலையில் விழுந்தது. சமையற்கட்டுக்காரிதானே, வெள்ளனே எழுந்திருக்கிறவள்தானே என்று ஒதுக்கிவிட்டார்கள். சுமையோடு சுமையாக அதுவும் சேர்ந்தது.

தப்பு அங்கேதான் நடந்தது. பள்ளங்கியில் செத்த சின்னப் பிள்ளைக்குத் திதி கிடையாது, கருமாதி கிடையாது. புதைத்துவிட்டு வந்து அடுத்த வேலையைப் பார்க்க வேண்டியதுதான். பிச்சையம்மாள் அதற்கு மனசு கேட்காமல் தானாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். பெரியவர்களுக்கு வைப்பதுபோலவே, மத்தியானச் சோற்றில் தான் கைவைக்குமுன் ஒரு பிடி எடுத்துக் காக்காய்க்கு வைப்பாள். அது தின்ற பிறகுதான் இவள் வாய்க்குச் சோறு. விடுதிக் கூரையில் அப்படி வைத்தபோது குரங்கு கூட்டமாக வந்து ஓட்டைப் பிரித்துவிட்டது. வார்டனம்மா பார்த்துவிட்டு, இனி ஒரு பருக்கை மேலே போனாலும் நீ கீழே போகவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டாள்.

பிடி வைக்காமல் பிச்சையம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. ஏதாவது ஒரு ஜீவன் முதலில் தின்ன வேண்டும். கூண்டில் கூலி இருந்தான். விடுதிச் சாம்பார்ச் சோற்றில் ஒரு பிடி, அதில் கிடக்கிற பருப்பும் கீரையுமாக, கம்பிக்குள் வைத்தாள். அவன் தின்றான். இவள் போய்ச் சாப்பிட்டாள். மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும்.

மிஸ் சொன்னதை மீறுகிறோம் என்று அவள் நினைக்கவே இல்லை. அவள் புத்தியில் எலிக்கு வைக்கிற தீனி வேறு, மகனுக்கு வைக்கிற பிடி வேறு. படைக்கிற சோற்றை யார் தின்றார் என்று எந்த வீட்டில் யார் பார்க்கிறார்கள்?

கூலி படுக்கவில்லை. கலெக்டரோடு போட்டிபோட்டுக்கொண்டு ஏறினான். மிஸ் தராசை மாற்றிப் பார்த்தாள். அரிசியை மாற்றிப் பார்த்தாள்.

"ஒருவேளை கூலிக்கு வேல செஞ்சு ஒடம்பு தேறுதோ என்னவோ மிஸ்" என்றாள் அன்னக்கொடி.

"நீ உக்காரு."

இதற்கு நடுவில் ஒருநாள் மிஸ் படம் ஒன்றைக் கொண்டுவந்து பலகையில் மாட்டினாள். குழந்தைகளுக்கு வரும் சத்துக்குறைவு நோய் பற்றிய பாடம். பிச்சையம்மாளுக்கு வழக்கம்போலக் கண் சொருகிக்கொண்டிருந்தது. மிஸ்ஸின் குரல் எங்கேயோ தூரத்தில் கேட்டது.

"தாய்ப்பால நிறுத்தின பெறகு வெறும் கஞ்சி மட்டும் குடுக்கிற பிள்ளைகளுக்கு இது வரும். முடி செம்பட்டையாகும். முகம் உப்பும், காலு வீங்கும். பாக்கிறவங்க பிள்ளை சதை போடுதுன்னு நெனப்பாங்க. அது சதை இல்ல, நீர்."

பிச்சையம்மாள் விழித்துக்கொண்டாள். படத்தில் குமாரவேல் நின்றான். வேறு ஊர்ப் பிள்ளை, வேறு முகம், ஆனாலும் அவன்தான். அதே உப்பின கன்னம், அதே செம்பட்டை முடி, எதைக் காட்டினாலும் வேண்டாம் என்கிற அதே மூஞ்சி. 'பாருடி, எம்பேரன் அப்பன் போன பெறகுதான் சதை போடுறான்' என்று காளியாயி அவன் காலைப் பிடித்துக் காட்டியது ஞாபகம் வந்தது. அடுத்த அமாவாசைக்கு அவன் இல்லை.

"இதுக்கு மருந்து என்ன மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"மருந்து ஒண்ணும் வேண்டாம். ஆரம்பத்துலயே பாத்துட்டா பருப்பு, பயறு, பால், முட்டை. சாப்பாடுதான்."

பிச்சையம்மாள் எழுந்து வெளியே போனாள். குழாயடியில் போய் நின்றாள். அழுகை வரவில்லை. அவ்வளவுதானா என்று இருந்தது. ராசி இல்லை, தோஷம் இல்லை. பருப்பு. இத்தனை வருஷம் சுமந்தது இறங்கிற்று என்று நினைத்தால், அதைவிடக் கனமானது ஏறி உட்கார்ந்துகொண்டது.

அப்போதும் கூலிக்கு வைக்கிற பிடியைப் பற்றி அவளுக்குத் தோன்றவில்லை. கமிட்டி வந்த அன்றைக்குத்தான் தோன்றியது.

அந்தப் பாடத்தைத் தொடர்ந்து நடத்த அனுமதி கொடுக்கலாமா என்று பார்க்க மேலிடத்திலிருந்து கமிட்டி வந்தது. கோட்டுப் போட்ட இரண்டு பேர். பெண்களை வரிசையாக நிறுத்தினார்கள். மிஸ் வியர்த்துக்கொண்டிருந்தாள், அந்தக் குளிரில். எலிக்கூண்டை மூடிவைக்கப் பார்த்தாள், முடியவில்லை. மூத்தவர் குனிந்து பார்த்தார்.

"இதுல எது வெறும் சோறு திங்கிறது?"

"இது சார்."

"நல்லாக் கொழுத்துல்ல கெடக்கு!" அவர் சிரித்தார். "அப்ப நம்ம ஜனங்களுக்குக் கஞ்சியே போதும்னு எலியே சாட்சி சொல்லிருச்சு. பருப்பு, பாலுன்னு எதுக்கும்மா இந்தப் பாடமெல்லாம்? சர்க்காருக்கும் மிச்சம்."

கூட வந்தவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார்.

பிச்சையம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் மகனுக்கு வைத்த பிடி இப்போது அவனுக்கே எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. கஞ்சி போதும் என்று இந்த மனிதர் எழுதிவிட்டுப் போனால், போதும் என்றுதான் ஆகும். அப்புறம் குமாரவேல் செத்தது மறுபடியும் அவள் ராசியால்தான். பேசினால் விடுதி போகும், படிப்பு போகும். பேசாவிட்டால் அது.

"சார், அது வெறும் சோறு திங்கலைங்க."

மிஸ் திரும்பிப் பார்த்தாள்.

"நாந்தான் தெனமும் மத்தியானம் ஒரு பிடி சாம்பார்ச் சோறு வச்சேன்."

"ஏன்? எலிமேல அவ்வளவு பாசமா?"

"காக்காய்க்கு வைக்கிற பிடிங்க. கூரையில வைக்கக் கூடாதுன்னு வார்டனம்மா சொல்லிட்டாங்க. அதான் இதுக்கு வச்சேன்."

பெண்கள் பக்கத்திலிருந்து களுக்கென்று சிரிப்பு. கோட்டுக்காரரும் அடக்க முடியாமல் குலுங்கினார். "காக்காய்ச் சோத்த எலிக்கு வச்ச ஆளு நீதாம்மா. யாருக்கு வச்ச, மாமனாருக்கா?"

"எம்மகனுக்குங்க."

சிரிப்பு நின்றது.

"அவனுக்குக் கஞ்சி மட்டுந்தாங்க குடுத்தோம். போதலைங்க. போதும்னு எழுதிட்டுப் போயிராதீங்க."

மூத்தவர் பேனாக்காரரைப் பார்த்தார். அவர் மூடியைத் திருகி மூடினார். மறுபடி சரியாகச் செய்து வையுங்கள், இரண்டு மாதம் கழித்து வந்து பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் மிஸ் கத்தித் தீர்த்தாள். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா நீ? அத்தன பேரு முன்னால எம்மானம் போச்சு." பிறகு ஸ்வெட்டர் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அன்னக்கொடி வைக்கட்டும் இனிமே. நீ அந்தப் பக்கமே போகாத" என்றாள்.

"நானே வைக்கிறேன் மிஸ்."

"நீயா? ஒன்னால பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?"

"போன தடவ என்னன்னு தெரியாமப் பாத்துக்கிட்டு இருந்தேன். இந்தத் தடவ தெரிஞ்சு பாக்குறேன்."

மிஸ் பையைத் துழாவினாள். கூண்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

வைத்தாள். வெறும் சோறு, தண்ணீர். மத்தியானமானால் கூலி கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான், பிடி வரும் என்று. பிச்சையம்மாள் கூண்டைத் துடைத்துவிட்டுப் போய்விடுவாள். போய் அந்த ஒரு பிடியை யாருக்கும் வைக்காமல் முழுத் தட்டையும் தின்றாள். தின்னாமல் வேலை ஓடாது. வாரங்கள் போயின. கூலியின் மயிர் சொரசொரத்தது. கோடு முதலில் படுத்தது, அப்புறம் சரிந்தது. கூண்டுக்குள் இருந்த சக்கரத்தில் ஏறி ஓடுகிறவன் ஓடுவதை விட்டான். பிறகு நிற்பதையும் விட்டுவிட்டு மூலையில் சுருண்டான். சரிந்த கோட்டைப் போட்ட அன்றைக்கு அன்னக்கொடிக்குக்கூடக் கேலி வரவில்லை.

"யக்கா, ஒரு துளி பாலு வைக்கவா? யாருக்கும் தெரியாது" என்று ஒருநாள் கேட்டாள்.

"வைக்காத."

"ஒனக்கு மனசே இல்லையாக்கா?"

"இருந்ததாலதான் கெட்டுச்சு. போ, வகுப்புக்கு நேரமாச்சு."

கமிட்டி வரவில்லை. இரண்டு மாதம் கழிந்தது, மூன்றாவது மாதமும் பிறந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பிரின்சிபால் மிஸ்ஸைக் கூப்பிட்டு, பாடத்துக்கு அனுமதி வந்துவிட்டது, நடத்தலாம் என்றாள். யாரும் வந்து பார்க்காமலே வந்த அனுமதி. எலி இளைத்தது யாருக்கும் தேவைப்படவில்லை.

"போதும் பிச்சையம்மா. பாலும் பருப்பும் வை. பாவம்" என்றாள் மிஸ்.

பிச்சையம்மாள் கூண்டின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தே கேட்டாள்.

"நாளன்னைக்குச் சந்தை மிஸ். அதுவரைக்கும் பொறுக்கலாமா? ரெண்டையும் கொண்டுபோய்க் காட்டிட்டு வந்துர்றேன். இத்தன கஷ்டத்தையும் யாராச்சும் பாக்கணும்ல."

ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு மலைக் கிராமங்கள் எல்லாம் வந்து சேரும். பிச்சையம்மாளும் அன்னக்கொடியும் ஆளுக்கொரு கூண்டைத் தூக்கிக்கொண்டு, பூண்டு வியாபாரம் நடக்கிற இடத்துக்கு ஓரமாக உட்கார்ந்தார்கள். கூட்டம் சேர்ந்துவிட்டது.

"ஏ பிள்ள, எலி என்ன வெல?"

"வறுக்கவா, வளக்கவா?"

"ரெண்டும் ஒரு தாயி பெத்ததுங்க" என்றாள் பிச்சையம்மாள். "இது பருப்பும் பாலும் தின்னுது. இது நம்ம திங்கிறதத் தின்னுது."

"அப்ப இது நம்மூருக்காரன்தான்" என்றாள் ஒருத்தி. சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டொருத்தி குனிந்து இன்னொரு தடவை பார்த்தாள். பார்த்துவிட்டு நகர்ந்தாள். வெயில் ஏறியது. பேசிப் பேசிப் பிச்சையம்மாளுக்குத் தொண்டை வறண்டது. எலிக்காரி என்று பெயர் வைத்ததுதான் மிச்சம்.

அந்த நேரத்தில்தான் காளியாயி வந்தாள், தலையில் பச்சைப் பட்டாணி மூட்டையோடு. பள்ளங்கியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏற்றம். ஏறி வந்தவளுக்கு மூச்சு இரைத்தது. மருமகளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனாள். நாலடி போய்த் திரும்பி வந்தாள். மூட்டையை இறக்காமலே கூண்டைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இதென்னடி, செத்த எலிய வச்சு வித்தை காட்டுறியா?"

"சாகல அத்தே. வெறும் சோறு தின்னு இப்படி ஆயிருச்சு."

"சோறு தின்னா ஏண்டி சாகுது? சோறு இல்லாமல்ல சாகும்."

"சோறு மட்டும் தின்னாலும் சாகும் அத்தே. பருப்பு, பயறு எதுவும் இல்லாமப் போனா. பிள்ளைகளுக்கு முடி செவக்கும், முகம் உப்பும். நம்ம சதைன்னு நெனச்சோமே, அது நீராம்."

கிழவியின் தலைச்சுமை ஆடியது. அன்னக்கொடி எழுந்து பிடித்தாள்.

"அப்ப நாங்குடுத்த கஞ்சிதான் அவனக் கொன்னுச்சுங்கிறியா?"

பிச்சையம்மாள் இந்தக் கேள்விக்கு எத்தனையோ நாள் பதில் ஒத்திகை பார்த்திருந்தாள். சந்தை நடுவில் கேட்கிற மாதிரி கத்த வேண்டும் என்று நினைத்திருந்தாள். இப்போது கத்தத் தெம்பில்லை.

"நானுந்தான குடுத்தேன். ரெண்டு பேருக்கும் தெரியல."

காளியாயி மூட்டையை இறக்கினாள். அதன்மேலேயே உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, எலியைப் பார்த்தே பேசினாள்.

"மூத்தவன் மக இருக்காள்ல, இருளாயி. போன மாசம் வரைக்கும் குச்சியா இருந்தா. இப்ப ஒரு வாரமா காலு பொசுபொசுன்னு இருக்கு. கன்னம் வச்சிருக்கு. தேறிட்டான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன்."

"முடி?"

"செவந்துதான் கெடக்கு."

பிச்சையம்மாள் எழுந்துவிட்டாள். "அன்னம், நீ ரெண்டு கூண்டையும் தூக்கிட்டுப் போ. கூலிக்குப் பாலு வை. மிஸ்கிட்டச் சொல்லிரு."

"என்னன்னு சொல்றது? நாளைக்கு டெஸ்ட் இருக்கேக்கா."

"ஊருக்குப் போயிட்டான்னு சொல்லு." மாமியார் உட்கார்ந்திருந்த மூட்டையைக் காட்டினாள். "எந்திரிங்க அத்தே. இது நமக்கு வேணும்."

கிழவி மிரண்டுபோய்ப் பார்த்தாள். பள்ளங்கியில் பட்டாணி போடாத காடு இல்லை, பட்டாணி வேகிற சட்டியும் இல்லை. கமிஷன் கடைக்கென்று பறித்த சரக்கில் வீட்டுக்காரர் கைவைத்தால் அடுத்த வெள்ளாமை விளங்காது என்பது அங்கே எல்லாரும் நம்புகிற பேச்சு. உதிர்ந்து கிடப்பதைக்கூடப் பொறுக்கி மூட்டையில்தான் போடுவார்கள்.

"கடைக்குச் சொல்லியாச்சுடி."

"கடைக்காரன் பிள்ள நல்லாத்தான் இருக்கும்."

காளியாயி எழுந்தாள். மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கி மருமகள் தலையில் ஏற்றினாள். கமிஷன் கடைக் கணக்குப்பிள்ளை படியில் நின்று, "ஏ பள்ளங்கிக்காரம்மா, எடை போடாம எங்க போற?" என்று கூப்பிட்டார். கிழவி திரும்பவில்லை.

மேலே ஏற்றிக் கொண்டுவந்த சுமையை அந்தப் பாதையில் யாரும் திரும்ப இறக்கிக்கொண்டு போனதில்லை. எதிரே ஏறிவந்தவர்கள் நின்று பார்த்தார்கள். விலை படியலையா என்று கேட்டார்கள். இரண்டு பெண்களும் நிற்காமல் இறங்கினார்கள். சறுக்குகிற இடத்தில் கிழவி கை கொடுத்தாள், வேறு இடத்தில் இவள் கொடுத்தாள். பாதி வழியில் சுமை மாற்றிக்கொண்டார்கள்.

"பச்சையாத் திங்கக் குடுக்கணுமா?"

"வேகவச்சு, தொலி எடுத்து, மசிச்சுக் குடுக்கணும். கொஞ்சங் கொஞ்சமா. மாட்டுல பாலு இருக்கா?"

"டீக்கடைக்கு ஊத்துறோம்."

பிச்சையம்மாள் நடந்துகொண்டே இருந்தாள். கொஞ்ச தூரம் போனபிறகு கிழவியே சொன்னாள்: "சரி. நாளைக்கு ஊத்தல."

வீடு சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பிள்ளை வாசலில் ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தது. ஆட்களைப் பார்த்தும் அசையவில்லை. பிச்சையம்மாள் எதிரே குந்தி, வீங்கின கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். எடுத்தாள். விழுந்த குழி அப்படியே நின்றது, மாவில் அமுக்கினது மாதிரி.

காளியாயி அதைக் குனிந்து பார்த்தாள். மருமகள் முகத்தைப் பார்த்தாள்.

"அடுப்பப் பத்தவைங்க அத்தே, வெரசா" என்றாள் பிச்சையம்மாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மூட்டையின் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள்.